பரிசோதனை செய்தவர்கள் பலர். சிலர் மட்டும் ஏன் நிற்கிறார்கள்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்தின் ஜேம்ஸ் ஜாய்ஸ், இங்கிலாந்தின் வர்ஜீனியா வுல்ஃப், அமெரிக்காவின் வில்லியம் ஃபாக்னர் போன்றவர்களை மகத்தான நாவலாசிரியர்கள் என்கிறார்களே, கதையைக் கலைத்துப் போட்டதாலா, முதலில் செய்ததாலா, புரியாமல் எழுதியதாலா, பேராசிரியர்கள் சொல்லிச் சொல்லி ஆக்கிவிட்டதாலா, பரிசோதனை செய்த மற்றவர்களிடம் இல்லாத எது இவர்களிடம் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. இந்த நாவல்களில் ஒன்றைத் திறந்து, இருபது பக்கம் தாண்ட முடியாமல் மூடி வைத்த ஒருவர் கேட்கிற கேள்வி: "குறை என்னிடமா, புத்தகத்திடமா, இல்லை எல்லோரும் சேர்ந்து என்னை ஏமாற்றுகிறார்களா?" அதற்கும் சேர்த்தே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் ஒரு கலைக் கல்லூரியில் இருபத்து நான்கு ஆண்டுகள் ஆங்கில இலக்கியம் நடத்தியவன். அதில் பெரும்பாலான ஆண்டுகள் இருபதாம் நூற்றாண்டு நாவல் என் தலையில்தான் விழுந்தது, ஏனென்றால் வேறு யாரும் அந்தத் தாளை எடுக்க மாட்டார்கள். பிரெஞ்சும் ஜெர்மனும் எனக்குத் தெரியாது. ப்ரூஸ்ட்டை மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். மொழியே உயிராக இருக்கும் எழுத்தை மொழிபெயர்ப்பில் படித்துவிட்டுத் தீர்ப்பு சொல்வது சரியில்லை என்பதால் ஆங்கிலத்தில் எழுதியவர்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில், எனக்குச் சந்தேகமே இல்லாத ஒன்று. முதலில் செய்தவர் என்பதற்கும் பெரிய எழுத்தாளர் என்பதற்கும் சம்பந்தம் கிடையாது. ஒரு மனிதனின் மனதில் ஓடுவதை, ஆசிரியர் குறுக்கிடாமல் அப்படியே பக்கத்தில் வைக்கும் உத்தியை ஜாய்ஸ் கண்டுபிடிக்கவில்லை. எத்துவார் துஜார்தான் என்ற பிரெஞ்சுக்காரர் 1887-லேயே ஒரு முழு நாவலை அப்படி எழுதிவிட்டார். பாரீஸில் ஒரு இளைஞன், அவன் ஆசைப்பட்டுத் துரத்தும் ஒரு நடிகை, ஒரு மாலைப்பொழுது, அவ்வளவுதான் கதை. 1903-ல் ஜாய்ஸ் அதை ஒரு ரயில் நிலையக் கடையில் வாங்கினார். பிற்பாடு புகழ் வந்தபோது, இந்த உத்தியை அவரிடமிருந்துதான் எடுத்தேன் என்று ஒளிக்காமல் சொன்னார். அதனால்தான் துஜார்தான் பெயர் இன்றும் தெரிகிறது. அந்த நாவலை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்துப் பார்த்தால் ஒரு சங்கடம் புரியும். நாயகன் தெருவில் நடக்கும்போது, தான் தெருவில் நடப்பதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். படியேறும்போது படியேறுகிறேன் என்கிறான். கிரிக்கெட் வர்ணனையாளரை மண்டைக்குள் உட்கார வைத்த மாதிரி இருக்கும். உத்தி அங்கே முழுசாக இருக்கிறது, ஆனால் அதற்குச் செய்ய வேலை இல்லை.

அதே உத்திக்கு ஜாய்ஸ் என்ன வேலை கொடுத்தார் என்பதற்கு ஒரே ஒரு இடத்தைக் காட்டுகிறேன். 'யுலிசஸ்' நடப்பது டப்ளினில், 1904 ஜூன் 16 அன்று, ஒரே நாளில். லியோபோல்ட் புளூம் என்ற விளம்பர முகவர். அன்று மாலை நான்கு மணிக்குத் தன் வீட்டுக்கு பாய்லன் என்ற ஆள் வரப்போகிறான், மனைவி மாலி அவனோடு இருக்கப் போகிறாள் என்று அவருக்குத் தெரியும். தடுக்கவும் மாட்டார், வீட்டுக்குப் போகவும் மாட்டார். ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். மதியம் ஒரு கடையில் சீஸ் வைத்த சாண்ட்விச் தின்றுவிட்டு, பார்வையில்லாத ஒரு பையனைத் தெருவைக் கடக்கவிட்டு, கில்டேர் தெருப் பக்கம் வருகிறார். எதிரே வெயிலில் ஒரு வைக்கோல் தொப்பி, பழுப்பு ஷூ. பாய்லன். உடனே புளூமின் மனம் சிதறுகிறது. மியூசியத்துக்குத் திரும்பிவிடுகிறார். எதையோ தேடுவதுபோல் பைகளைத் துழாவுகிறார். கைக்குட்டை, செய்தித்தாள், பர்ஸ், அம்மா ஞாபகமாக எப்போதும் வைத்திருக்கும் ஒரு உருளைக்கிழங்கு, கடைசியில் காலையில் வாங்கிய எலுமிச்சை சோப்பு. மியூசியக் கதவு வந்துவிட்டது. தப்பித்தார்.

அந்தப் பக்கத்தில் "பொறாமை", "அவமானம்" என்ற சொற்களே கிடையாது. மனைவியைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இல்லை. புளூம் சோப்பைத் தேடுகிறார், நமக்கு நெஞ்சு அடைக்கிறது. ஒரு மனிதன் ஒன்றை நினைக்காமல் இருப்பதற்குப் படும் பாட்டை, அவன் நினைப்பதை மட்டும் வைத்தே காட்டிவிடுகிறார். வெளியிலிருந்து சொல்லும் பழைய முறையில் "அவர் அந்த எண்ணத்தைத் தவிர்த்தார்" என்று எழுதலாம்தான். எழுதிய மறுகணம் அந்த எண்ணம் பக்கத்துக்குள் வந்துவிடும், தவிர்ப்பு செத்துவிடும். துஜார்தானிடமிருந்து எடுத்த கருவியால், துஜார்தானுக்குத் தோன்றாத ஒரு காரியத்தை ஜாய்ஸ் செய்துகாட்டினார். பெரிய எழுத்தாளர் என்று நான் சொல்வது இதைத்தான்.

இடையில் ஒரு சின்ன முணுமுணுப்பு. நாம் இந்த உத்திக்கு நனவோடை என்று பெயர் வைத்திருக்கிறோம். அழகான சொல். ஆனால் அதுவே நம் மாணவர்களைத் தவறான திசையில் அனுப்பிவிடுகிறது என்பது என் அனுபவம். ஓடை என்றதும் தங்குதடையில்லாமல் ஓடும் நீளமான வாக்கியங்களை எதிர்பார்க்கிறார்கள். அந்த ஓடை உவமையை உளவியலில் பிரபலமாக்கியவர் வில்லியம் ஜேம்ஸ், 1890-ல். நாவல் விமர்சனத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் மே சின்க்ளேர், 1918-ல், டோரதி ரிச்சர்ட்சனின் நாவல்களைப் பற்றி எழுதும்போது. புளூமின் மனம் அப்படி ஓடுவதே இல்லை. மூன்று சொல், நிறுத்தம். இரண்டு சொல், வேறு விஷயம். சல்லிக்கற்களைக் கொட்டின மாதிரி இருக்கும். கடைசியில் மாலி படுக்கையில் கிடந்து நினைக்கும் பகுதிதான் உண்மையிலேயே ஓடை. நிறுத்தக்குறிகளைக் கிட்டத்தட்ட முழுவதும் விட்டுவிட்ட எட்டே எட்டு நீண்ட வாக்கியங்கள். ஒரே புத்தகத்தில் கணவனுக்கு ஒரு நடை, மனைவிக்கு ஒரு நடை. "நனவோடை உத்தி" என்று பரீட்சையில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே விடை எழுதினால் விஷயம் கைநழுவிவிடுகிறது.

சரி, உத்திக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது எந்தப் புத்தகமும் இல்லை, ஒரு நண்பர். முப்பது வயதில் நான் ஒரு நாவல் எழுதினேன். நூற்று எண்பது பக்கம், ஒரு முற்றுப்புள்ளி கிடையாது. ரொம்பப் பெருமையாக இருந்தது. ஒரு தமிழாசிரியர் நண்பரிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தவர் கேட்டது ஒரே கேள்வி: "இதுல முற்றுப்புள்ளி வெச்சா என்ன ஆகும்?" யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகாது. படிக்க எளிதாகும், அவ்வளவுதான். நாவல் பரணுக்குப் போனது. அதன்பிறகு எந்தப் பரிசோதனை எழுத்தைப் படித்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. இதை நேராகச் சொன்னால் எது காணாமல் போகும்? கதை மட்டும் மிஞ்சி, வேறெதுவும் தொலையவில்லை என்றால் அது வேடிக்கை. முக்கியமான ஏதோ ஒன்று செத்துப்போகிறது என்றால் அங்கே ஆசிரியருக்கு வேறு வழி இருந்திருக்காது.

ஜாய்ஸும் வுல்ஃபும் எழுதிய நவீனத்துவக் காலத்துக்குப் பிந்தியதுதான் என்றாலும் பி. எஸ். ஜான்சன் என்ற ஆங்கிலேயர் 1969-ல் செய்ததை இதற்குச் சேர்த்துச் சொல்லத் தோன்றுகிறது. அவருடைய நாவல் ஒன்று தைக்கப்படாமல், ஒரு பெட்டிக்குள் 27 தனித்தனிப் பகுதிகளாக வந்தது. முதலும் கடைசியும் மட்டும் குறிக்கப்பட்டிருக்கும், நடுவில் உள்ளதை எப்படி வேண்டுமானாலும் கலைத்துப் படிக்கலாம். கேட்டால் கூத்தாகத்தான் தெரியும். விஷயம் என்னவென்றால், கால்பந்து ஆட்டத்தைப் பற்றி எழுத ஒரு ஊருக்குப் போகும் நிருபருக்கு, புற்றுநோயில் இறந்த நண்பன் வாழ்ந்த ஊர் அது என்பது ரயிலைவிட்டு இறங்கியதும் உறைக்கிறது. நினைவுகள் என்ன வரிசையில் வரும் என்று யாருக்குத் தெரியும்? பெட்டிக்கு ஒரு காரணம் இருக்கிறது.

என் வகுப்பில் இந்தச் சோதனையை நேரடியாகவே செய்து பார்த்த நாவல் ஃபாக்னரின் 'த சவுண்ட் அண்ட் த ஃப்யூரி'. 1929-ல் வந்தது. அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பியில், நொடித்துப்போன காம்ப்சன் குடும்பம். நான்கு பகுதிகள். முதல் பகுதியைச் சொல்பவன் பென்ஜி. 1928 ஏப்ரல் 7 அன்று அவனுக்கு 33 வயது முடிகிறது. பேச வராது, காலம் பிடிபடாது, அழ மட்டும் தெரியும். வேலிக்கு அப்பால் ஆட்கள் எதையோ அடிப்பதை அவன் பார்த்துக்கொண்டிருப்பதில் நாவல் தொடங்குகிறது. அடிக்கிறார்கள், நடக்கிறார்கள், மறுபடி அடிக்கிறார்கள். எதை அடிக்கிறார்கள் என்று வாக்கியத்தில் இல்லை. தமிழ் இலக்கணம் படித்த மாணவர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். செயப்படுபொருள் குன்றா வினைக்குச் செயப்படுபொருளைக் கொடுக்காமல் விட்டுவிட்டார். பென்ஜிக்குப் பந்தும் கோல்ஃபும் தெரியாது, ஆகவே வாக்கியத்திலும் இல்லை. அவன் பகுதியில் யாராவது கேள்வி கேட்டால் கேள்விக்குறிகூட இருக்காது. அவன் காதில் ஒலி விழுகிறது, கேள்வி விழுவதில்லை.

அந்த கோல்ஃப் மைதானம் முன்பு அவர்களுடைய மேய்ச்சல் நிலம். மூத்த அண்ணனை ஹார்வர்டுக்கு அனுப்புவதற்காக விற்றுவிட்டார்கள். ஆட்டக்காரர் மட்டை தூக்கும் பையனைக் "கேடி" என்று கூப்பிடுகிறார். பென்ஜி முனக ஆரம்பிக்கிறான். பார்த்துக்கொள்ளும் பையன் லஸ்டர் அதட்டுகிறான். ஏன் முனகுகிறான் என்று லஸ்டருக்கும் தெரியாது, வாசகருக்கும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் வேலியில் ஒரு ஆணி பென்ஜியின் சட்டையில் மாட்டுகிறது. அடுத்த வரியில் கேடி அவனை ஆணியிலிருந்து விடுவிக்கிறாள். கேடி அவன் அக்கா. அது பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கிறிஸ்துமஸ் சமயம். அதே வேலி, அதே மாதிரி ஓர் ஆணி, பென்ஜிக்கு நடுவில் காலமே இல்லை. அவன்மேல் மிகவும் பிரியமாக இருந்தவள் அவள்தான், இப்போது அவள் அந்த வீட்டில் இல்லை. ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் அவன் அக்காவைத்தான் கூப்பிடுகிறார்கள். (நம் ஊரில் இதை நடத்துவதில் ஒரு தொல்லை உண்டு. "கேடி" என்றதும் போலீஸ் பட்டியலை நினைத்து வகுப்பே சிரித்துவிடும். அடங்க ஐந்து நிமிஷம் ஆகும்.)

ஒரு வருஷம் மாணவர்கள் ரொம்பவே திணறியதால், பென்ஜி பகுதி முழுவதையும் பிரித்து, 1898-ல் குழந்தைகள் ஓடையில் விளையாடும் காட்சியிலிருந்து 1928 வரை ஆண்டு வரிசையில் ஆறு பக்கத்துக்கு எழுதி, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். எல்லோருக்கும் நிம்மதி. கடைசி பெஞ்சில் ஒரு மாணவி மட்டும் கையைத் தூக்கினாள். "சார், இப்ப கதை புரியுது. ஆனா பென்ஜி எங்க போனான்?" எனக்கு அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, ஆனால் கேள்வி சரியாக இலக்கில் பட்டது. வரிசைப்படுத்தியதும் கேடி போனது கடந்தகாலம் ஆகிவிட்டது. கடந்துபோனதற்கு நாம் வருத்தப்படலாம், ஆறலாம். பென்ஜிக்கு ஆறுவதற்கு வழியே இல்லை, அவனுக்கு "அப்போது" என்ற ஒன்று கிடையாது. கேடி இதோ ஆணியை எடுத்துவிடுகிறாள், இதோ இல்லை. என் ஆறு பக்கத்தில் ஒரு குடும்பத்தின் கதை இருந்தது, அந்த முனகல் இல்லை. அந்த ஜெராக்ஸை அப்புறம் நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

ஃபாக்னர் விளையாட்டுக்குச் செய்யவில்லை என்பதற்கு வெளிச்சான்றும் உண்டு. மரத்தில் ஏறி ஜன்னல் வழியாகப் பாட்டியின் இறுதிச் சடங்கைப் பார்க்கும் ஒரு சிறுமி, கீழே நிற்கும் சகோதரர்கள் கண்ணில் படும் அவளுடைய சேறு படிந்த உள்ளாடை. இந்த ஒரு காட்சியிலிருந்துதான் நாவல் பிறந்தது என்று அவர் பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். பென்ஜி மூலம் சொன்னேன், போதவில்லை. இன்னொரு சகோதரன் மூலம் சொன்னேன், போதவில்லை. மூன்றாமவன் மூலமும் சொல்லி, கடைசியில் நானே சொல்லிப் பார்த்தேன், அப்போதும் வரவில்லை என்கிறார். 1946-ல் வேறொரு தொகுப்புக்காகப் பின்னிணைப்பு ஒன்றும் எழுதிச் சேர்த்தார். நான்கு பகுதி அமைப்பு என்று நாம் வியப்பது, அவர் கணக்கில் நான்கு தோல்விகள். கால மாற்றத்தைக் காட்ட அவர் போட்டிருந்த சாய்வெழுத்துகளை எடுத்துவிட்டு, இடைவெளி விட்டுக் காட்டலாம் என்று அவருடைய நண்பர், புத்தகத்தைச் செப்பனிட்டவர், திருத்தியபோது, அத்தனையையும் மறுபடி சாய்வெழுத்தாக்கித் திருப்பி அனுப்பினார். ஒவ்வொரு காலத்துக்கும் ஒவ்வொரு நிற மையில் அச்சடிக்க முடிந்தால் நன்றாயிருக்கும் என்றும் ஆசைப்பட்டார். 2012-ல் லண்டன் பதிப்பகம் ஒன்று 14 நிறங்களில் அச்சடித்தே விட்டது. ஆசிரியரின் ஆசைதான், இருந்தாலும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நிறம் வந்ததும் வாசகர் பென்ஜியைவிடப் புத்திசாலி ஆகிவிடுகிறார்.

வுல்ஃப் விஷயத்தில் நான் ஒரு அடைப்புக்குறியை மட்டும் பேசப் போகிறேன். 'டு த லைட்ஹவுஸ்' நாவலுக்கான குறிப்பேட்டில், ஒரு நடைவழியால் இணைக்கப்பட்ட இரண்டு கட்டங்களை வுல்ஃப் வரைந்திருக்கிறார். அதுதான் நாவல். முதல் கட்டம், ராம்சே குடும்பம் கடலோர வீட்டில் இருக்கும் ஒரு நாளின் பிற்பகலும் இரவும். புத்தகத்தில் பாதிக்கு மேல் அதுதான். திருமதி ராம்சே காலுறை பின்னுகிறார், எட்டுக் குழந்தைகளையும் விருந்தாளிகளையும் கவனிக்கிறார், எல்லோருக்கும் உணவு பரிமாறப்படுவதைப் பார்த்துக்கொள்கிறார். அவர் இருப்பது நமக்குப் பழகிவிடுகிறது. பிறகு நடைவழி: பத்து ஆண்டுகள், முதல் உலகப் போர் உட்பட, சில பக்கங்களில். காலி வீடு, தூசு, ஈரம். அங்கே சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு வாக்கியம் வருகிறது. ஒரு விடியற்காலையில் திரு. ராம்சே கைகளை நீட்டுகிறார், முந்தைய இரவு திருமதி ராம்சே திடீரென்று இறந்துவிட்டதால் கைகள் வெறுமையாகவே இருக்கின்றன. அவ்வளவுதான். அடைப்புக்குறி மூடுகிறது, வீடு மறுபடி தூசு படிய ஆரம்பிக்கிறது. மகள் இறப்பதும், மகன் பிரான்சில் குண்டு வெடித்துச் சாவதும் இதேபோல அடைப்புக்குறிக்குள்தான்.

அந்த வாக்கியத்தில் வாக்கியத்தை முடிக்கும் வினை கைகளுக்குத்தான். மரணம் "இறந்துவிட்டதால்" என்று நடுவில் ஒட்டிக்கொண்டு வருகிறது. மாணவர்கள் தாண்டிப் போய்விட்டு, பத்து வரி கழித்து நின்று, பக்கத்தைத் திருப்பி, "சார், செத்துட்டாங்களா?" என்பார்கள். வருஷா வருஷம் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். அப்படித் திரும்பிப் பார்க்க வைப்பதுதான் அந்த வடிவத்தின் வேலை. மரணப்படுக்கைக் காட்சி ஒன்றை எழுதியிருந்தால் நாம் அழுதுவிட்டு விடைபெற்றிருப்போம். இங்கே விடைபெற முடியவில்லை, மூன்றாம் பகுதி முழுக்க அவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம், அங்கே ஓவியம் தீட்டும் லிலி பிரிஸ்கோவைப் போலவே. வுல்ஃபின் தாய் 1895 மே 5 அன்று இறந்தார், வுல்ஃபுக்கு அப்போது 13 வயது. நாவல் வெளிவந்தது 1927 மே 5. தாயைப் பற்றிய ஓயாத நினைப்பு இந்த நாவலை எழுதியபின் தன்னை விட்டதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். இன்னொன்றும் எனக்குப் பிடித்தமானது: 1917-ல் கணவரோடு சேர்ந்து வீட்டிலேயே ஒரு கையச்சு இயந்திரம் வைத்து, எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சடித்தவர் அவர். ஈய எழுத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு ஒரு அடைப்புக்குறியின் எடை தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். இது நிரூபிக்கக்கூடியதில்லை, என் ஆசை.

இன்னொரு அடையாளமும் எனக்கு உறுதியாகப் படுகிறது. இவர்கள் எல்லோருக்கும் நேராக எழுதத் தெரியும். 'டப்ளினர்ஸ்' கதைகளில் ஜாய்ஸ் ஒரு சொல்லைக்கூட வீணாக்காமல் எழுதியதைப் பார்த்தவர், 'யுலிசஸ்' கையாலாகாமல் கலைந்தது என்று சொல்ல முடியாது. பரிசோதனைக்குள்ளும் அந்தத் துல்லியம் விடாமல் வருகிறது. நாவலின் கடைசியில் சாவியை மறந்துவிட்ட புளூம், எக்ளஸ் தெரு 7-ஆம் எண் வீட்டுக் கம்பி வேலியைத் தாண்டிக் கீழே குதித்து உள்ளே போக வேண்டும். 1921 நவம்பரில், புத்தகம் அச்சாகிக்கொண்டிருந்த சமயத்தில், ஜாய்ஸ் பாரீஸிலிருந்து டப்ளினில் இருந்த அத்தைக்குக் கடிதம் எழுதுகிறார்: சாதாரண மனிதர் ஒருவர் அந்த வேலியில் ஏறி, கம்பியைப் பிடித்துத் தொங்கி, தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் கைவிட்டுக் குதித்தால் அடிபடாமல் இறங்க முடியுமா? அந்தக் காட்சியின் நடையோ வினாவிடைப் பாணியில், பள்ளிப் பாடநூல் மாதிரி இருக்கும். அவ்வளவு விசித்திரமான நடைக்குள் இருக்கும் கம்பியின் உயரம் மட்டும் சரியாக இருந்தாக வேண்டும் அவருக்கு. என்னுடைய முற்றுப்புள்ளி இல்லாத நாவலில் ஒரு தெருவின் அகலம்கூட எனக்குத் தெரியாது.

இனி எனக்கு உறுதியில்லாதவை. மனம் உண்மையில் எப்படி இயங்குகிறதோ அப்படி எழுதியதால்தான் இவர்கள் பெரியவர்கள் என்று பல பாடநூல்களில் இருக்கும். நானும் பல ஆண்டுகள் அப்படியே நடத்தினேன். இப்போது சந்தேகம். பென்ஜியைப் போன்ற நிலையில் உள்ள ஒருவரால் மற்றவர்கள் பேச்சைச் சொல்லுக்குச் சொல் ஒப்பிக்க முடியுமா என்று கேட்டால் நாவல் நிற்காது. அது ஒரு மனதின் ஒலிப்பதிவு இல்லை, மொழியால் கட்டிய ஒன்று. அதன் பெருமையும் அங்கேதான் இருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன், ஆனால் வேறுவிதமாக வாதிடுபவர்களையும் என்னால் ஒதுக்க முடியவில்லை. அதே நாவலின் கடைசிப் பகுதியில் வரும் கறுப்பினப் பணிப்பெண் டில்சியை, வெள்ளைக்கார ஆசிரியர் தாங்கிப் பிடிக்கும் தூணாக ஆக்கியது மரியாதையா, வசதியா என்பதிலும் என் மனம் ஆண்டுக்கு ஒரு பக்கம் சாய்கிறது.

பேராசிரியர்கள் சொல்லிச் சொல்லி ஆக்கிவிட்டார்களா என்ற உங்கள் சந்தேகத்தையும் சும்மா தள்ள மாட்டேன். 1940-களின் நடுவில் ஃபாக்னரின் நாவல்கள் ஏறக்குறைய எல்லாமே அச்சில் இல்லை. 1946-ல் மால்கம் கௌலி என்ற விமர்சகர் ஒரு தொகுப்பைக் கொண்டுவந்ததும்தான் நிலைமை மாறியது, அப்புறம் 1949-க்கான நோபல் பரிசு. அந்தத் தொகுப்பு வராமலிருந்தால்? கொலம்பிய நாவலாசிரியர் கார்சியா மார்க்கேஸ் 1982-ல் நோபல் உரையில் ஃபாக்னரைத் தன் ஆசான் என்றார். எழுத்தாளர்கள் எப்படியும் தேடிக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று நம்பத்தான் எனக்கு ஆசை. டோரதி ரிச்சர்ட்சனுக்கு அப்படி ஒரு கௌலி கிடைக்கவில்லை என்பதும் உண்மை. அவருடைய நாவல் தொடர் 13 பகுதிகள் கொண்டது, நான் படித்தது முதல் மூன்று மட்டும். எனக்கு இழுவையாக இருந்தது. பத்துப் பகுதிகளைப் படிக்காத ஒருவனின் அபிப்பிராயம் என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

புரியாமை பற்றி மட்டும் ஒன்று. புரியாமல் இருப்பது தகுதியும் இல்லை, குற்றமும் இல்லை. மூடி வைத்தது பென்ஜி பகுதியை என்றால், ஏமாற்றப்படவில்லை நீங்கள், அவசரப்பட்டிருக்கலாம். இன்னொரு தடவை ஆணி வரைக்கும் மட்டும் படித்துப் பாருங்கள், சில பக்கம்தான். வுல்ஃபில் அடைப்புக்குறி வரை. 'யுலிசஸ்' என்றால் முதல் மூன்று அத்தியாயங்களை விட்டுவிட்டு, புளூம் காலை உணவுக்குச் சிறுநீரகம் வறுக்கும் நான்காவதில் ஆரம்பித்தால் ஜாய்ஸ் அறிஞர்கள் கோபிப்பார்கள், பரவாயில்லை. 'ஃபினெகன்ஸ் வேக்' பற்றிக் கேட்டுவிடாதீர்கள். ஜாய்ஸ் அதற்குப் பதினேழு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார், 1939-ல் வெளியிட்டார். சத்தமாக வாசித்தால் சில பக்கங்களில் எனக்குக் கூச்செறிந்திருக்கிறது, சில பக்கங்களில் என் நண்பரின் முற்றுப்புள்ளிக் கேள்வி ஞாபகம் வந்திருக்கிறது. எந்தப் பக்கம் எதில் சேர்த்தி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பேருந்துச் சீட்டு ஒன்றை அடையாளத்துக்கு வைத்தேன், அறுபத்தெட்டாம் பக்கத்தில். அதில் இருந்த கட்டணம் அழிந்துவிட்டது, சீட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது.